பட்டர் இல்லையா? அடுப்பை மூட்டுங்கள்!

பட்டர் வாங்க வசதியில்லை, அதனால் இந்த முறை கேக் இல்லை என்று பிள்ளையிடம் ஒரு தாய் சொல்வதை இனி எந்த வீட்டிலும் கேட்கக் கூடாது. கண்டியில் கேட்கவே கூடாது. தேங்காய், கித்துள், ஏலம், கராம்பு, கொக்கோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிற சீமை இது. இங்கே இருந்துகொண்டு, நியூசிலாந்திலிருந்து கப்பலில் வரும் ஒரு பைக்கற்றுக்காக நாம் கைகட்டி நிற்பதா?

2022இன் பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் இறக்குமதிப் பால்மாவின் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. 380 ரூபாய்க்கு வாங்கிய 400 கிராம் பைக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபாய்க்கு ஏறியது. தேநீர்க் கடையில் ஒரு கோப்பை பால் தேநீர் 100 ரூபாய் என்றார்கள். நாடு முழுக்கப் பிளேன்டீக்கு இறங்கியது. அதே மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் காவல் இருந்தோம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் உணவுப் பணவீக்கத்தை 94.9 வீதம் என்று காட்டியது.

வீட்டில் கேக் செய்து விற்று இரண்டு காசு பார்த்த பெண்களின் வயிற்றில் அந்த ஆண்டு அடித்தது. கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் அப்போது அணைந்த போறணையை (அவனை) இன்னும் மூட்டாத வீடுகள் உண்டு. வரிசை போய்விட்டது, மின்சாரம் வந்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. பட்டரின் விலையைப் பார்த்துவிட்டு, “இது நமக்குச் சரிவராது” என்று அலுமாரியில் கேக் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அந்தத் தட்டை எடுக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சகோதரி, எடுங்கள். தம்பி, நீங்களும்தான், கேக் அடிக்க ஆண் பெண் என்று ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். வட்டிலப்பத்தில் ஒரு சொட்டுப் பசும்பால் உண்டா? தேங்காயின் முதற்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம், சாதிக்காய், மேலே கஜு. அவ்வளவுதான். மலாய் மக்கள் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது. இன்று அக்குறணையிலும் கண்டி நகரிலும் நோன்புப் பெருநாள் காலையில் அது இல்லாத முஸ்லிம் வீடு அரிது. பாலும் முட்டையும் சேர்ந்து இறுகுகிற அந்த நுட்பமான பதத்தை, ஐரோப்பியச் சமையல்காரன் பசும்பாலில் எடுக்கிற பதத்தை, நம் வீட்டுப் பெண்கள் தேங்காய்ப்பாலில் தலைமுறை தலைமுறையாக எடுக்கிறார்கள். பிபிக்கனைப் பாருங்கள். திருவிய தேங்காயும் பாணியும் ரவையும் சரக்கும் சேர்ந்து கறுத்து மினுங்கும் அந்தக் கேக் போர்த்துக்கேயர் காலத்துச் சாயல் கொண்டது என்பார்கள். பழைய முறைப்படி செய்தால் பட்டர் கேட்காது. நாட்டின் மங்கல உணவான பால்சோறே தேங்காய்ப்பாலில்தான் வேகிறது.

இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கை, பிறந்தநாள் கேக் என்று வந்ததும் ஏன் நடுங்குகிறது? புத்தகத்தில் பட்டர் 250 கிராம் என்று போட்டிருப்பதாலா? அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு அவர் ஊரில் பட்டர் மலிவு. உங்கள் ஊரில் எது மலிவோ அதைக் கொண்டு எழுத வேண்டியவர் நீங்கள்.

மாற்றுப் பொருள் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. நம் தாய்மார் ஆண்டாண்டு காலமாகக் கேக்குக்குப் போட்ட மாஜரினே ஒரு மாற்றுப் பொருள். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் மலிவான பட்டர் மாற்றுக்குப் பரிசு அறிவித்து, இப்போலித் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் 1869இல் கண்டுபிடித்தது அது. ஒரு பேரரசின் படைக்கும் ஏழைகளுக்கும் பட்டர் கட்டுப்படியாகவில்லை, மூளையைக் கசக்கினார்கள், வழி பிறந்தது. அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்து போர் தொடர்ந்த காலத்தில் முட்டையும் பாலும் பட்டரும் இல்லாமல் வினாகிரியும் சோடாவும் கொண்டு ஒரு சொக்லேட் கேக் வீடுகளில் பரவியது. இல்லாமை வந்த இடத்தில் எல்லாம் ஒரு பெண் அடுப்படியில் நின்று யோசித்திருக்கிறாள். அந்த யோசனைக்கு நீங்களும் உரிமைக்காரி.

இனி வேலைக்கு வருவோம். துணிவு மட்டும் இருந்தால் கேக் பொங்காது. ஏன் பொங்குகிறது என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு கையில் இருந்தால் எந்தக் கடைக்காரனும் எந்த டொலர் விலையும் உங்களை நிறுத்த முடியாது.

பட்டர் என்பது ஒரே பொருள் என்று நினைத்துத்தான் பயப்படுகிறோம். நூறு கிராம் பட்டரில் ஏறத்தாழ 80 கிராம் கொழுப்பு. 16 கிராமுக்கு அண்மித்த நீர். மிச்சம் கொஞ்சம் பாலின் புரதமும் லக்டோஸ் என்ற பாற்சீனியும். இவை ஒவ்வொன்றும் கேக்கில் ஒவ்வொரு வேலை செய்கின்றன. கொழுப்பு கோதுமை மாவின் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு, அது பாண் போலச் சவ்வு பிடிக்காமல் தடுக்கிறது. அதனால்தான் கேக் வாயில் கரைகிறது. நீர் அவனில் ஆவியாகி உப்ப வைக்கிறது. புரதமும் பாற்சீனியும் சூட்டில் சேர்ந்து மேற்புறத்தைப் பொன்னிறமாக்குகின்றன. கட்டியான பட்டரைச் சீனியோடு அடிக்கும்போது சீனிப் பரல்கள் அதற்குள் காற்றைக் குத்திக் குத்தி ஏற்றுகின்றன. அந்தக் காற்றுத்தான் பிறகு விரிந்து கேக்கைத் தூக்குகிறது. ஆக நீங்கள் தேட வேண்டியது பட்டருக்கு ஒரு மாற்றாளை அல்ல. நான்கு வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள். நான்கு பேரும் உங்கள் குசினியிலேயே இருக்கிறார்கள்.

கொழுப்புக்கு எண்ணெய். எண்ணெய் நூற்றுக்கு நூறு கொழுப்பு என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். நூறு கிராம் பட்டர் இருக்கும் இடத்தில் 80 கிராம் எண்ணெய், குறைகிற ஈரத்துக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகத் தேங்காயின் இரண்டாம் பால். நூறுக்கு நூறு எண்ணெய் ஊற்றிவிட்டு, கேக் கையில் பிசுக்கென்று ஒட்டுகிறது, மாற்றுப் பொருளே சரியில்லை என்று பழி போடாதீர்கள். கணக்கைச் சரியாகப் போட்டவருக்கு எண்ணெய்க் கேக் பட்டர்க் கேக்கை விட ஈரமாக, இரண்டு மூன்று நாள் மென்மை குறையாமல் நிற்கும். பட்டர் குளிர்ந்தால் இறுகும், தேங்காயெண்ணெய் தவிர்ந்த எண்ணெய்கள் அப்படி இறுகாது.

காற்றுக்கு என்ன செய்வது? திரவமான எண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. அங்கேதான் பலர் தோற்கிறார்கள். எண்ணெயையும் சீனியையும் அரை மணி நேரம் அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். காற்றை முட்டையில் ஏற்றுங்கள். முட்டையையும் சீனியையும் வெளுத்துக் கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் நாடா போல விழும் வரை அடித்து, அதன்பின் எண்ணெயை மெல்லிய தாரையாக விடுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் சோடாவும் புளிப்பும் அந்த வேலையைச் செய்யும்.

கண்டிக்காரருக்கு மட்டும் இயற்கை இன்னொரு வழி தந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம். மார்கழி தை விடியலில் குசினிக்குள் போனால் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்கும். கொழும்பில் அது அபூர்வம். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உருகும். அதற்குக் கீழே கட்டிப்படும். அந்தக் கட்டி எண்ணெய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்கும்போது, சீனியோடு அடித்துப் பாருங்கள். பட்டர் போலவே வெளுத்து, நுரைத்து, பஞ்சாக வரும். பகல் வெயிலில் உருகிவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: முட்டையைக் குளிரோடு எடுத்து உடைத்து ஊற்றாதீர்கள். குளிர் பட்டதும் எண்ணெய் மணல் மணலாகத் திரளும். முட்டை வெளியே இருந்து சூடு சமமாகட்டும். கிறிஸ்மஸுக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட அந்தக் குளிர் நாட்கள்தான் நாம் கேக் செய்யும் காலம். அதே நாட்களில் எண்ணெயும் நமக்காகப் பட்டர் வேடம் போடுகிறது என்றால் இன்னும் என்ன தயக்கம்?

பொன்னிறத்துக்குக் கித்துள் பாணி. பால் இல்லாத கேக் சிலசமயம் மேலே வெளிறிப் போகும், உள்ளே வெந்திருந்தாலும் வேகாத மாதிரித் தெரியும். பாற்சீனி போய்விட்டதால் வருவது அது. ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணியைக் கலவையில் சேர்த்தால் நிறம் திரும்பி வரும். மணமும் வரும், பட்டருக்கு அந்த மணம் கனவிலும் கிடையாது. பட்டரோடு போகிற இன்னொன்று உப்பு. உப்புச் சேர்த்த பட்டரைக் கேக்குக்குப் போட்டுப் பழகியவர்கள் எண்ணெய்க்கு மாறும்போது அரைத் தேக்கரண்டி உப்பை மறந்துவிட்டு, “சப்பென்று இருக்கிறது” என்பார்கள். உப்பைப் போடுங்கள்.

பாலுக்கு இரண்டாம் பால் போதும். முதற்பாலில் கொழுப்பு அதிகம், அதை ஊற்றினால் எண்ணெயைக் குறைக்க வேண்டிவரும். மோருக்கு ஒரு கப் தேங்காய்ப்பாலில் அல்லது சோயாப்பாலில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, பத்து நிமிடம் வைத்தால் போதும். டின்பாலுக்கு, 400 மில்லிலீற்றர் முதற்பாலில் அரைக் கப் சீனி போட்டு மிக மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே பாதியாக வற்ற வையுங்கள். நெருப்பைக் கூட்டினால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும், பொறுமை வேண்டும், ஆனால் ஆறியபின் கரண்டியில் இருந்து வழிகிற அந்தப் பாகைப் பார்த்தவர் டின் திறக்க மாட்டார்.

இப்போது ஒரு கேக். அவன் இருந்தால் 180 பாகையில் சூடாக்குங்கள். லயத்தில் இருப்பவர்கள், அவன் இல்லையே என்று பக்கத்தை மூட வேண்டாம். கனத்த அடிச் சட்டியில் மணல் பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடி, கால் மணி நேரம் சூடேற்றுங்கள். அதுவும் போறணைதான்.

ஒன்றரைக் கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. ஐந்தையும் சேர்த்துச் சலியுங்கள். மூன்று குழி பறியுங்கள். ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி வனிலா, பெரிய குழியில் கப்பில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதன்மேல் ஒரு கப் தண்ணீர் என்பதுதான் பழைய அமெரிக்க முறை. நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. நன்றாக ஊறவிட்டு ஆற வைத்த சாயத்தண்ணி ஊற்றுகிறேன், சீனி போடாமல், கொஞ்சம் கடுமையாக. தேயிலையின் துவர்ப்பு கொக்கோவின் கசப்போடு கைகோக்கும்போது கிடைக்கிற ஆழம் பாலில் வராது. இது என் தீர்ப்பு, செய்து பார்த்துவிட்டு என்னோடு சண்டை பிடியுங்கள். ஊற்றியதும் கலவை சுருசுருவென்று நுரைக்கும். வினாகிரியும் சோடாவும் வேலையைத் தொடங்கிவிட்டன, அவை உங்களுக்காகக் காத்திருக்காது. மாக்கட்டி மறையும் அளவுக்கு மட்டும் கலக்கி, உடனே தட்டில் ஊற்றி, உடனே அடுப்பில் வையுங்கள். முப்பது முப்பத்தைந்து நிமிடத்தில் ஈர்க்கு குத்திப் பார்த்தால் சுத்தமாக வரும். மணல் சட்டி என்றால் இன்னும் கொஞ்சம் எடுக்கும்.

பட்டர் இல்லை, பால் இல்லை, முட்டையும் இல்லை. பிள்ளைகள் முன் வையுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். தட்டு காலியானபின் சொல்லுங்கள்.

முதல் தடவை சரிவராமல் போகலாம். நடுவில் பள்ளம் விழும், அடி பிடிக்கும், சோடா கூடிச் சவர்க்கார வாசம் அடிக்கும். அப்போது நீங்கள் நின்றுகொண்டிருக்கும் மண்ணின் கதையை நினையுங்கள். பேராதனைக்கு எதிர்க்கரையில் இருக்கும் கன்னொறுவையில் 1825இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் போட்டார். மலைநாடே கோப்பியானது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது, சில பத்தாண்டுகளில் கோப்பி செத்தது. தோட்டக்காரர்கள் அதற்கு மாற்றாகச் சிங்கோனாவை நட்டார்கள், கொயினா மருந்துக்கான பட்டை. விலை சரிந்து அதுவும் படுத்தது. முதல் மாற்று தோற்றது! ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலைதான் கடைசியில் இந்த மலையைக் காப்பாற்றியது. நட்டதும் களை பிடுங்கியதும் கொழுந்து கிள்ளியதும் யார்? தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் பாட்டன் பாட்டி. அவர்கள் ஒரு பயிர் செத்தபோது அடுத்த பயிருக்குக் கையை மாற்றினார்கள், அது செத்தபோது அதற்கும் அடுத்ததற்கு மாற்றினார்கள். அவர்களின் பேத்தி ஒரு கேக் பள்ளம் விழுந்ததற்காக உட்கார்ந்து அழுவதா? பள்ளம் விழுந்தால் சோடாவைக் கால் தேக்கரண்டி குறைத்துவிடுங்கள். இடையில் அடுப்பைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். அடுத்ததைக் கலக்குங்கள்.

கன்னொறுவை என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1970களில் இலங்கையில் சோயா அவரையைப் பரப்பும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதன் உணவு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது இதே கன்னொறுவையில்தான். பசும்பால் எட்டாத வீட்டுக்கு அவரையிலிருந்து பால் என்று நம் வாசலிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள், நாமோ கடையில் வெளிநாட்டுப் பெட்டிப் பாலை விலை கேட்டுப் பெருமூச்சு விடுகிறோம். நூறு கிராம் அவரையை இரவு ஊறப்போட்டு, காலையில் கொதிநீரில் போட்டெடுத்து, கொதிநீர் விட்டே அரையுங்கள். பச்சை வாடைக்குக் காரணமான நொதி அந்தச் சூட்டில் செயலிழக்கும். ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக நீர் போதும். வடித்து, கிண்டிக்கொண்டே 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்காத சோயாப்பால் வயிற்றுக்கு ஆகாது. தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு, சோயாவில் பசும்பாலுக்கு இணையாக உண்டு. ஆகவே தேசிக்காய் விட்டால் திரைந்து அசல் மோர் போலக் கனக்கும். பணிஸ் மாவுக்கும் இதுவே சிறந்தது.

அதே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் போய் நின்று பாருங்கள். கிராமத்துப் பெண்கள் தங்கள் தங்கள் அடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, அரிசிமாவிலும் குரக்கனிலும் தேங்காயிலும் செய்ததைச் சுடச்சுட விற்கிறார்கள். ஹெலப, லவாரியா, அப்பம். பட்டரும் இல்லை, பாலும் இல்லை, கூட்டத்துக்குக் குறைவும் இல்லை. யாரும் மன்னிப்புக் கேட்கிற குரலில் விற்கவில்லை. அந்த நிமிர்வைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பழங்களையும் விட்டுவிடாதீர்கள். பட்டர் புரூட் காலத்தில் கண்டிச் சந்தையில் குவிந்து கிடக்கும். நன்றாகப் பழுத்ததை மசித்துப் பட்டருக்குப் பதில் போடலாம். பச்சை நிறம் தெரியும் என்பதால் சொக்லேட் கேக்குக்கே அது பொருந்தும். கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் கொழுப்பில் பாதியைக் குறைக்க உதவும். அவித்து மசித்த பூசணியும் அப்படியே.

தேங்காய், தேங்காய் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். 2024 முடிவில் தேங்காயே 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறது. அதற்காகத்தான் நான்கு வேலைகளை விளக்கினேன். தேங்காய் ஏறினால் சோயாவுக்குப் போங்கள், சாயத்தண்ணிக்குப் போங்கள், பழத்துக்குப் போங்கள். பட்டருக்கு அடிமையாக இருந்தவர் தேங்காய்க்கு அடிமையாக மாறினால் என்ன விடுதலை?

ஒரு விடயத்தில் மட்டும் துணிச்சல் காட்டாதீர்கள். அங்கே பயமே வேண்டும். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் ஒரு வகை. லக்டோஸைச் செரிக்க முடியாதவர்கள். உலகின் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் திறன் குறைந்தே இருக்கிறது. அவர்களுக்குக் கொஞ்சம் தவறினால் வயிற்று வலி. பால் ஒவ்வாமை வேறு. அது பாலின் புரதத்துக்கு உடல் போடும் போர். குழந்தைக்குத் தோல் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு அடைக்கும் வரை போகலாம். அப்படி ஒரு குழந்தைக்குக் கேக் செய்யும்போது “கொஞ்சம்தானே” என்ற சொல் வரக் கூடாது. நெய்யிலும் அந்தப் புரதத்தின் மிச்சம் இருக்கக்கூடும். மாஜரின் எல்லாம் பால் இல்லாதது என்று நம்பாதீர்கள். உறையின் பின்புறத்தை வாசியுங்கள். மில்க் சொலிட்ஸ், வே, கேசின், இந்த மூன்றில் எது இருந்தாலும் அது பால். கறுப்புச் சொக்லேட்டிலும் பார்க்க வேண்டும். பட்டர் அடித்த கிண்ணம், அகப்பை, தட்டு எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே தொடங்குங்கள். சோயாவும் கஜுவும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு, தாயிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று: கேக்கில் தேங்காய்ப்பால் பாலின் இடத்தைப் பிடிக்கிறது என்பதற்காகக் குழந்தை குடிக்கும் கோப்பையிலும் அதை ஊற்றிவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதமும் கல்சியமும் அதில் இல்லை. அதற்கு வைத்தியரைக் கேளுங்கள்.

அந்தக் குழந்தைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்து கேக் துண்டு சுற்றி வரும்போது, “எனக்கு வேண்டாம் டீச்சர்” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பிள்ளை அது. தன் பிறந்தநாளுக்கும் பழத்தட்டோடு நிற்கிறது. அந்தப் பிள்ளையின் முன்னால் முழுக் கேக் ஒன்றை, மெழுகுவர்த்தியோடு, நம்பி வாயில் வைக்கலாம் என்ற உறுதியோடு வைக்கக்கூடியவர் ஊருக்கு ஒருவர் இருக்கிறாரா? அந்த ஒருவராக நீங்கள் இருக்க எது தடை?

விற்பவர்களுக்குக் கடைசியாகச் சொல்கிறேன். ஓடர் எடுக்கும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். “அக்கா, பட்டர் போட்டதா?” என்று கேட்பார்கள். “இல்லை தங்கச்சி, தேங்காயெண்ணெய். மூன்று நாள் வைத்தாலும் காயாது” என்று நேராகச் சொல்லுங்கள். பட்டர் போட்டதாக ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள். போடாததை மறைக்கவும் வேண்டாம். பெட்டியின் மேல் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஐசிங்குக்கு முதற்பாலை இரவு முழுக்கக் குளிரவிட்டு மேலே படியும் ஆடையை அடிக்கலாம் என்பார்கள், வீட்டில் பிழிந்த பாலில் அது எல்லா நாளும் கைகொடுக்காது, சீக்கிரம் புளிக்கவும் செய்யும். அதை நம்பி ஓடர் எடுக்காதீர்கள். கொக்கோவும் கித்துள் பாணியும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பூச்சு போதும், பளபளவென்று நிற்கும்.

விலை போடும்போது பட்டரில் மிச்சம் பிடித்த காசை முழுவதும் குறைத்துவிடாதீர்கள். தேங்காய் பிழிந்த கைக்கு ஒரு விலை, சோயா அரைத்த காலைக்கு ஒரு விலை, தட்டைக் கழுவிக் கழுவித் துடைத்த கவனத்துக்கு ஒரு விலை உண்டு. மூன்றையும் கணக்கில் எழுதுங்கள். முதல் கேக்கை அயலில் இருக்கும் இரண்டு வீட்டுக்குத் துண்டு போட்டுக் கொடுங்கள், இரண்டாவது கேக்குக்குக் காசு வாங்குங்கள். அலுமாரியில் கவிழ்த்து வைத்த தட்டில் இந்நேரம் தூசி படிந்திருக்கும். கழுவ ஐந்து நிமிடம் போதும். மா சலிக்கத் தொடங்குங்கள்.